லயத்துப் பிள்ளையும் பங்களாப் பிள்ளையும்



கோலாலம்பூரிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகக் கிள்ளான் நோக்கிச் செல்பவர்கள் பெட்டாலிங் ஜெயாவைக் கடக்கும்போது சுங்கை வே என்ற பெயர்ப்பலகையைக் காண்பார்கள். பலருக்கு அது பேருந்து நிற்கும் ஓர் இடம், அவ்வளவுதான். ஆயினும் கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் மக்கள் எப்படி வந்தார்கள், எங்கே வாழ்ந்தார்கள், யாரோடு பழகினார்கள் என்று அறிய விரும்புவோர்க்கு இந்தச் சிற்றூர் நல்லதொரு பாடப்புத்தகம். ஈயம் தோண்டிய நிலம் இது. அவசரகாலத்தில் சீனக் குடும்பங்களைக் குடியேற்றிய புதுக்கிராமம் ஒன்று இங்கே எழுந்தது. 1965-இல் நெடுஞ்சாலை ஓரமாகப் பீர் ஆலை திறக்கப்பட்டது. 1971-ஆம் ஆண்டுத் தடையற்ற வாணிப வட்டாரச் சட்டத்திற்குப் பின் 1972-இல் இங்கே அத்தகைய வட்டாரம் ஒன்று அமைந்து, மின்னணுப் பொருள் செய்யும் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. ஈயக் குட்டையாகக் கிடந்த பக்கம் இன்று பண்டார் சன்வே எனும் பெருநகராகிவிட்டது. அப்பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘வே’ நம் சுங்கை வேயின் ‘வே’தான் என்பது அங்கே கேளிக்கைப் பூங்காவுக்குச் செல்லும் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

இன்றைய நம் பேச்சின் பொருள் திரைப்படம். வரலாற்றுப் பேச்சில் திரைப்படத்திற்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஏழை வீட்டுப் பிள்ளையும் வசதியான வீட்டுப் பிள்ளையும் நட்புக் கொள்வது, அந்த நட்பினூடே இருவரும் வளர்ந்து ஆளாவது ஆகியவற்றைப் பற்றி நம் நாட்டில் சில நல்ல படங்கள் வந்திருக்கின்றன. பெரும் பணம் போட்டு எடுத்த படங்கள் அல்ல அவை. அவற்றைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் தோட்டத்தில் இருந்த ஏணியை முதலில் பார்க்க வேண்டும்.

தோட்டத்தின் நில அமைப்பே ஒரு சமூகப் படம். மேட்டில் துரை பங்களா. சற்றுக் கீழே கிராணிமார் வீடுகள், வேலியும் பூச்செடியும் வைத்தவை. அதற்கும் கீழே, தண்ணீர் தேங்கும் பள்ளத்தில், லயங்கள். துரை வெள்ளையர், கிராணிமார் பெரும்பாலும் ஆங்கிலம் கற்ற மலையாளிகள், யாழ்ப்பாணத் தமிழர்கள், லயத்தில் இருந்தவர்கள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கங்காணி வழியாக வந்த நம் முன்னோர். கிராணி வீட்டுப் பிள்ளை பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்குப் போகும். லயத்துப் பிள்ளை தோட்டப் பள்ளிக்குப் போகும், போனால். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. விதித்தபடி பள்ளிகளும் தோன்றின. ஆனால் பல இடங்களில் காலையில் பெரட்டு எடுக்கும் கங்காணியோ கிராணியின் உதவியாளோ பிற்பகலில் வாத்தியாராகிவிடுவார். ஆயாக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, அதில் ஒரு கரும்பலகை. பிள்ளை பால்வாளி தூக்கும் வயது வந்தால் படிப்பு முடிந்தது.

இந்த இடைவெளி வெறும் பணத்தால் வந்ததன்று. அதற்கு நமக்குக் கிடைக்கும் சிறந்த சான்று 1941-ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தம். சுங்கை வேயிலிருந்து சில மைல் தொலைவில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களுக்குத் துணை நின்றது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். முன்னணியில் நின்றவர் ‘தமிழ் நேசன்’ ஏட்டில் பணியாற்றிய ஆர். எச். நாதன். அவர்கள் கேட்டவற்றைப் பாருங்கள். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி கேட்டார்கள், அது எதிர்பார்க்கக்கூடியது. பிள்ளைகளுக்கு முறையான கல்வி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். கொடுமை செய்யும் கிராணிமாரை மாற்றித் தமிழ் தெரிந்தவர்களை வைக்கச் சொன்னார்கள். இவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரையையோ கிராணியையோ எதிரில் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும்!

நேயர்களே, இந்தச் சைக்கிள் கோரிக்கையைச் சற்று எண்ணிப் பாருங்கள். சொந்தக் காசில் வாங்கிய சைக்கிள். சொந்தக் கால் மிதிக்கும் சைக்கிள். ஆனால் எதிரில் மேலாள் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அதைப் பின்னிருக்கையில் அமர்ந்த பிள்ளை பார்க்கும். அதே வேளையில் கிராணி வீட்டு வாசலில் நிற்கும் பிள்ளையும் பார்க்கும். அந்த இரண்டு பிள்ளைகளும் மாலையில் கோலிக்குண்டு விளையாடினால்கூட, ஒருவன் தகப்பன் இறங்கியவன், இன்னொருவன் தகப்பனுக்காக இறங்கினார்கள் என்பது இருவருக்கும் தெரிந்தே இருக்கும். 1941 மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். அந்த ஆண்டு முடியுமுன் சப்பானியர் வந்துவிட்டதால் எல்லாமே தலைகீழாயிற்று.

விடுதலைக்குப் பின் ஏணி சற்று ஆட்டம் கண்டது. 1965 முதல் ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் நுழைவுத் தேர்வின் தடையின்றி இடைநிலைப் பள்ளிக்குச் செல்ல வழி பிறந்தது. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுக்கொரு வகுப்பாக மலாய்மொழிப் பள்ளிகளாக மாறத் தொடங்கின. இவ்விரண்டையும் மொழிச் சிக்கலாக மட்டுமே நாம் பேசிப் பழகிவிட்டோம். ஆனால் இவற்றால் வேறொன்றும் நடந்தது. கிராணி வீட்டுப் பிள்ளையும் லயத்துப் பிள்ளையும் முதன்முறையாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளை புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக இருந்துவிட்டு வந்ததால் ஒரு வயது மூத்தவனாக இருப்பான். அதுவே கேலிக்கும் இடமாகும், சில வேளைகளில் அண்ணன் என்ற மதிப்புக்கும் இடமாகும்.

தோட்டத்தில் திரைப்படம் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுவோம். திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். வேனில் படக்கருவி வரும். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் பாயும் சாக்கும் எடுத்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். முன்னால் கிராணிமாருக்கு நாற்காலி போட்டிருப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். துணிக்குப் பின்னால் உட்கார்ந்து படத்தை இடவலம் மாறிப் பார்த்தவர்களும் உண்டு. அவர்கள் பார்த்தவை தமிழ்நாட்டிலிருந்து வந்த படங்கள். அவற்றில் ஏழை நாயகன் பணக்கார வீட்டுப் பெண்ணை மணப்பான். அல்லது கடைசியில் அவனே பணக்காரர் மகன் என்று தெரியவரும். ஏழையும் பணக்காரனும் சேர்வதற்குத் திருமணம் அல்லது பிறப்பு இரகசியம் என இரண்டே வழிகள்! நட்பு என்பது நாயகனுக்குத் துணையாக வரும் நகைச்சுவை நடிகர் அளவில் நின்றுவிடும்.

நம் நாட்டுத் திரைக்கலையிலும் நம்மவர் கைவண்ணம் உண்டு. 1933-இல் சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட முதல் மலாய்ப் படமான ‘லைலா மஜ்னுன்’ பி. எஸ். ராஜ்ஹன்ஸ் இயக்கியது. பி. ரம்லியை 1950-இல் ‘பக்தி’ படத்தில் நாயகனாக்கியவர் எல். கிருஷ்ணன். ஆனால் அவையெல்லாம் மலாய்ப் படங்கள். தமிழில் பேசும் மலேசியப் படங்கள் விரல்விட்டு எண்ணும்படியாகவே இருந்தன. 1991-இல் ‘நான் ஒரு மலேசியன்’ வந்தது. பின்னர் படச்சுருள் தேவைப்படாத இலக்கக் கருவி வந்து செலவைக் குறைத்தபோதுதான் நம் இளைஞர்கள் தங்கள் கதையைத் தாங்களே எடுக்கத் துணிந்தார்கள்.

முதலில் குறிப்பிட வேண்டியது 2005-இல் வெளிவந்த ‘செம்மண் சாலை’. இயக்கியவர் தீபக் குமரன் மேனன். 1960-களின் ரப்பர்த் தோட்டம், சாந்தா என்ற பெண்ணுக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்க ஆசை, வீட்டிலோ வறுமை. இவ்வளவுதான் கதை. வில்லன் கிடையாது, சண்டை கிடையாது. மிக மெதுவாக நகரும் படம். பொறுமை இல்லாதவர்கள் பாதியில் எழுந்துவிடுவார்கள் என்பதையும் ஒப்புக்கொள்வோம். ஆயினும் தோட்டத்துப் பெண் ஒருத்தி படிக்க விரும்புவதை ஒரு படத்தின் முழுப்பொருளாக அதற்கு முன் யாரும் கொண்டதில்லை. செம்மண் சாலை என்பது தோட்டத்திலிருந்து வெளியே போகும் சாலை. அந்தச் சாலையில் தனியாக நடக்க வேண்டியிருந்தது அக்காலத்துப் பிள்ளைக்கு.

இரண்டாவது, 2009-இல் வெளிவந்த ‘டேலன்டைம்’. யாஸ்மின் அகமது இயக்கிய கடைசி முழுநீளப் படம். படம் வெளிவந்த அதே ஆண்டு சூலை 25-ஆம் நாள் அவர் மறைந்தார். ஈப்போவில் ஒரு பள்ளியில் நடக்கும் கலைத்திறன் போட்டியே கதைக்களம். மெலூர் வசதியான வீட்டுப் பெண். பெரிய வீடு, வேலைக்கு ஆள், வீட்டில் ஆங்கிலமும் மலாயும் கலந்த பேச்சு. மகேஷ் கைம்பெண் தாயின் மகன், காது கேளாதவன். போட்டிக்குத் தேர்வானவர்களை ஒத்திகைக்கு அழைத்துவரும் பொறுப்பைப் பள்ளி சில மாணவர்களிடம் தருகிறது. மகேஷ் மோட்டார் சைக்கிளில் மெலூர் வீட்டு வாசலுக்குப் போகிறான். அவள் பேசுகிறாள், அவன் பதில் சொல்வதில்லை. திமிர் பிடித்தவன் என்று நினைக்கிறாள். பிறகுதான் தெரிகிறது. 1941-இல் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்று கேட்டவர்களின் கொள்ளுப்பேரன் வயதுள்ள பையன், பெரிய வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமல், தலைக்கவசத்தை நீட்டுகிறான் என்று நாம் இக்காட்சியைப் பார்த்துக்கொள்ளலாம். இயக்குநர் அப்படி எண்ணி எடுத்திருக்க வேண்டியதில்லை.

காதலைவிட அப்படத்தில் நம் மனத்தில் நிற்பது ஹபிஸ், காஹோ எனும் இரு மாணவர்களின் கதை. ஹபிஸ் புதிதாக வந்த மலாய் மாணவன். தாய் மருத்துவமனையில் சாகக் கிடக்கிறாள். காஹோ சீன மாணவன். எர்ஹு எனும் நரம்புக் கருவி வாசிப்பவன். முதல் மதிப்பெண் வரவில்லை என்றால் தந்தையிடம் அடி வாங்குபவன். தன்னைவிட நன்றாகத் தேர்வு எழுதிய ஹபிஸ்மீது காப்பி அடித்தான் என்று பழி சுமத்துகிறான். கடைசியில் மேடையில், தாயை இழந்த ஹபிஸ் கிட்டார் வாசித்துப் பாடும்போது, காஹோ தன் எர்ஹுவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்குகிறான். மன்னிப்புக் கேட்பதாக ஒரு சொல்லும் இல்லை. வகுப்பறையில் பல ஆண்டு இருந்தவர்களுக்குத் தெரியும், பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான் மன்னிப்புக் கேட்பார்கள். பென்சிலை நீட்டுவார்கள், பலகாரத்தைப் பிட்டுக் கொடுப்பார்கள்.

இப்படத்திற்குச் சுங்கை வேயோடு ஒரு தொடர்பை நாம் காண்கிறோம். மகேஷின் மாமன் கணேஷ், அயல்வீட்டில் சாவு நிகழ்ந்தபோது தன் வீட்டில் திருமணக் கொண்டாட்டம் நடந்ததால் எழுந்த பூசலில் கொல்லப்படுகிறார். சுங்கை வேக்கு அருகில், பழைய கிள்ளான் சாலைப் பக்கமுள்ள கம்போங் மேடானில், 2001 மார்ச்சில் ஒரு திருமண வீட்டையும் ஒரு சாவு வீட்டையும் ஒட்டி எழுந்த பூசல் பல நாள் கலவரமாகி ஆறு உயிர்களைப் பலிகொண்டது. மாண்டவர்களில் பெரும்பாலோர் நம்மவர். தோட்டம் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போனபின், லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களும், கம்பத்திலிருந்து ஆலை வேலைக்கு வந்த குடும்பங்களும், ஒருவரையொருவர் அறியாமல், கழிவுநீர்க் கால்வாய்க்கு இருபுறமும் பலகை வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. இருபுறமும் ஏழைகள்தாம். அதை இனக் கலவரம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது எளிது. வறுமையும் நெரிசலும் சேர்ந்து கொளுத்திய தீ என்று எழுதுவதே வரலாற்றுக்கு நேர்மை.

ஆனால் ‘டேலன்டைம்’ படத்தில் நமக்கொரு குறையும் உண்டு. அதில் யாரும் காசு எண்ணுவதில்லை. மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் யார் போட்டார்கள், மகேஷின் தாய் மாதக் கடைசியில் என்ன செய்தாள் என்பதெல்லாம் படத்திற்கு வெளியே நிற்கின்றன. அவற்றைக் காண வேண்டுமானால் மூன்றாவது படத்திற்குப் போக வேண்டும்.

‘ஜகாட்’, 2015 டிசம்பரில் வெளிவந்தது. இயக்கியவர் சஞ்சய் குமார் பெருமாள். ‘ஜகாட்’ என்பது தீய, கெட்ட என்று பொருள்படும் ‘ஜஹாட்’ எனும் மலாய்ச் சொல் நம்மவர் வாயில் திரிந்த வடிவம். 1990-களின் தொடக்கம். தோட்டத்தை விட்டு வந்த மூன்று சகோதரர்கள். மூத்தவர் மணியம் உழைத்துப் பிழைப்பவர். பாலா போதையில் விழுந்து எழ முயல்பவர். ‘மெக்சிகோ’ என்று அழைக்கப்படுபவர் குண்டர் கும்பலில் இருப்பவர். மணியத்தின் மகன் அப்போய், பன்னிரண்டு வயது. ஹர்விந்த் ராஜ் நடித்திருக்கிறார். கற்பனையும் குறும்பும் நிறைந்த பிள்ளை. பள்ளிக்கூடத்தில் அவை இரண்டுக்கும் பிரம்படிதான். வீட்டிலும் அடிதான். அடிக்காதவர் சித்தப்பா மெக்சிகோ ஒருவர்தான்.

ஆசிரியர்களாகிய நமக்கு இப்படம் கசப்பாக இருக்கலாம். எல்லா ஆசிரியரும் அப்படியா என்று கேட்கத் தோன்றும். கேட்கலாம், ஆனால் படம் காட்டுவது ஒரு பிள்ளையின் கண்ணுக்குத் தெரிந்த பள்ளியை. அப்போய்க்கு வேறு வகையான வீட்டைச் சேர்ந்த நண்பன் ஒருவன்கூட இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவனைச் சுற்றி எல்லாரும் அவனைப் போன்றவர்களே. தோட்டத்தில் கிராணி வீடு மேட்டிலாவது கண்ணுக்குத் தெரிந்தது. நகர்ப்புறப் புறம்போக்குக் குடியிருப்பில் அதுவும் இல்லை; நம்மவரில் படித்தவர்கள் கொல்லையும் வாசலும் உள்ள தாமான் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். கையில் பணமும் மற்றவரிடம் மரியாதையும் உள்ளவராக அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தவர் கும்பலைச் சேர்ந்தவர் மட்டுமே. ‘டேலன்டைம்’ நட்பைக் காட்டும் படமென்றால், ‘ஜகாட்’ நட்பு கிட்டாமல் போனதைக் காட்டும் படம். வரலாற்று ஆவணம் என்ற முறையில் நாம் இரண்டாவதையே உயர்வாக வைப்போம். வன்முறைக் காட்சிகள் உள்ளமையால் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டத் தக்கதன்று. பெற்றோர் பார்க்க வேண்டிய படம்.

அத்தகைய நட்பால் என்ன பயன் என்று கேட்பீர்கள். பணக்கார நண்பன் பணம் கொடுப்பான் என்று யாரும் எண்ண வேண்டாம். நாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது விடுதி அறை ஒன்றில் இருவர் தங்கியிருந்தார்கள். ஒருவரின் பாட்டனார் கிராணி. மற்றவரின் பெற்றோர் இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். மேற்படிப்புக்கு உதவிநிதி உண்டு, அதற்கு இந்தப் பாரத்தை இந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும், சான்றிதழில் இன்னார் கையொப்பமிட வேண்டும் என்பதெல்லாம் முதலாமவர் வீட்டில் சாப்பாட்டு மேசையில் பேசப்படும் செய்திகள். இரண்டாமவர் வீட்டில் அவற்றை அறிந்தவர் எவருமில்லை. ஒருநாள் இரவு கொசுவத்திப் புகையில் உட்கார்ந்து முதலாமவர் சொல்லச் சொல்ல இரண்டாமவர் அந்தப் பாரத்தைப் பூர்த்தி செய்தார். மறு ஆண்டில் தம் தங்கைக்கும் அவரே பூர்த்தி செய்துகொடுத்தார். கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதையாகவும் இல்லை. இரண்டாமவர் வீட்டுக்கு விடுமுறையில் போய் வந்த பிறகுதான் முதலாமவர் தம் பாட்டனாரைப் பற்றி லயத்தில் என்ன பாடினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டார்!

சுங்கை வே வாணிப வட்டாரம் தோன்றியபோது தோட்டங்களுக்கே ஆலைப் பேருந்துகள் போய்ப் பெண்களை ஏற்றி வந்தன. மூன்று சிப்ட் வேலை. கம்பத்து மலாய்ப் பெண்ணும், தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணும், புதுக்கிராமத்துச் சீனப் பெண்ணும் ஒரே வரிசையில் உருப்பெருக்கியில் கண் பதித்து மெல்லிய கம்பி ஒட்டினார்கள். அவர்களிடையே பிறந்த தோழமைகளைப் பற்றி இன்னும் யாரும் படம் எடுக்கவில்லை என்றே நினைக்கிறோம். எடுக்க வேண்டும். அப்பெண்களில் பலர் இன்று பாட்டிமார், கேட்டால் சொல்வார்கள்.

‘ஜகாட்’ படத்துக்கு 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருது கிடைத்தது. கிடைப்பதற்கு முன் ஒரு வழக்காடல் நடந்தது. தேசிய மொழியில் அமையாத படங்களுக்குத் தனிப் பிரிவு என்று ஏற்பாட்டாளர்கள் முதலில் வகுத்திருந்தார்கள். அதாவது வேறு வரிசையில் நாற்காலி. அதை எதிர்த்துக் கலைஞர்கள் குரல் எழுப்பினார்கள். மூத்த ஒளிப்பதிவாளர் முகமது நோர் காசிம் தாம் முன்னர்ப் பெற்ற விருதுகளைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தார். அவர் மலாய்க்காரர், தமிழ்ப் படத்துக்காகக் குரல் கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் அவருக்கு இல்லை. பின்னர் அந்தப் பிரிவுகள் மாற்றப்பட்டன.

சுங்கை வேக்கு அடுத்த கம்போங் லிண்டுங்கானில் சீபோர்ட் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. சீபோர்ட் என்பது தோட்டத்தின் பெயர். ரப்பர் மரம் ஒன்றும் இப்போது அங்கே இல்லை; சுற்றிலும் அடுக்குமாடிகளும் தாமான் வீடுகளும் எழுந்துவிட்டன. நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் இப்படித் தோட்டம் போய்ப் பெயர் மட்டும் நிற்கும் பள்ளிகள் பல. அத்தகைய பள்ளிகளின் வாயிலில் காலை ஏழு மணிக்கு நின்று பார்த்தால், சில பிள்ளைகள் மகிழுந்திலிருந்து இறங்குவதையும், சில பிள்ளைகள் பள்ளி வேனிலிருந்து இறங்குவதையும், சில பிள்ளைகள் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அடுக்குமாடியிலிருந்து நடந்து வருவதையும் காணலாம். ஒன்பதரை மணிக்குச் சிற்றுண்டிச்சாலையில் அவர்கள் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதை வகுப்பாசிரியர்கள் ஒரு வாரம் குறித்துப் பார்க்கலாம்.